கீழே ஒரு கிளை, மலைமேல் ஒரு கிளை: சேலம் முதியோர் இல்லம் ஒன்றின் தொற்றுத் தடுப்பு எப்படி இருக்கிறது?

சேலத்தில் நாற்பது படுக்கைகளோடு நடக்கும் முதியோர் பராமரிப்பு இல்லம் இது. ஏற்காட்டில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு கிளையும் உண்டு. பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தடுமாறியவர்கள், மருத்துவமனையிலிருந்து ரைல்ஸ் டியூபோடும் (மூக்கு வழி உணவுக் குழாய்) கதீட்டரோடும் (சிறுநீர் வடிக்கும் குழாய்) அனுப்பப்பட்டவர்கள் என்று, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களையே பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒரு கட்டிலில் இருப்பவரின் நோய் அடுத்த கட்டிலுக்குப் போகாமல் இருக்க இங்கே என்ன செய்கிறார்கள், அதில் எது உண்மையில் நடக்கிறது, எது சுவரில் ஒட்டிய தாளோடு நின்றுவிடுகிறது என்பது மட்டுமே இந்த மதிப்புரை. பாராட்டும் குறையும் கலந்து வருவதால் பெயரைப் போடவில்லை.

உள்ளே நுழைந்ததும் பினாயில் வாசம் தூக்குகிறது. இடம் பார்க்க வரும் குடும்பங்களில் பாதி அந்த வாசத்திலேயே திருப்தியாகிவிடும். ஆனால் தரை யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் நோய் கொடுப்பதில்லை. இந்த மாதிரி இல்லங்களில் கிருமி அதிகமாகப் போய்வருவது பராமரிப்பவர் கையில்தான், அதிலும் டயப்பர் மாற்றும் நேரத்தில்தான். ஆகவே வரவேற்பறையை விட்டுவிட்டுக் காலை டயப்பர் சுற்றிலிருந்து தொடங்கலாம்.

சேலம் கிளையில் அந்தச் சுற்று ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறது. ஒரு ஆயா திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் மாற்றுகிறார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் 500 மில்லி ஹேண்ட் ரப் பாட்டில் மாட்டியிருக்கிறது. திறந்த தேதியை மார்க்கரால் எழுதியிருக்கிறார்கள். இதற்கே தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். கை கழுவும் தொட்டி வராந்தாக் கோடியில் இருந்தால், எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பத்துக் கட்டிலுக்குப் பத்து முறை யாரும் நடக்கப் போவதில்லை. தேதி எழுதுவதிலும் காரணம் இருக்கிறது. ஒரு தடவைக்கு 3 மில்லி என்று வைத்தால் அந்தப் பாட்டில் 160 தடவைக்கு மேல் வரும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறையாவது தொட வேண்டியிருக்கும். திறந்து ஒரு மாதம் ஆகியும் முக்கால் பாட்டில் மிச்சமிருந்தால், அந்தக் கட்டிலில் யாரும் கையைத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். இங்கே நடு வார்டில் பாட்டில்கள் ஒழுங்காகக் காலியாகின்றன. கோடியில் உள்ள தனி அறைகளில்தான் பழைய தேதிகள் தெரிந்தன. அதிகப் பணம் கட்டும் அறைகள் அவை என்பது வேடிக்கை. ஆள் கண்ணில் படாத இடம், அவ்வளவுதான்.

கையைத் தேய்க்கிறார், க்ளவுஸ் போடுகிறார், முன்னிருந்து பின்பக்கமாகத் துடைக்கிறார், அழுக்கு டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி மூடி போட்ட வாளியில் போடுகிறார். இதுவரை சரி. பிழை நடப்பது இதற்கு அடுத்த நொடியில். இங்கே க்ளவுஸைக் கழற்றி, கையைத் தேய்த்து, பிறகுதான் புது டயப்பரையும் க்ரீமையும் போர்வையையும் தொட வேண்டும். இந்த இல்லத்தில் ஏறக்குறைய பாதி ஆயாக்கள் அப்படிச் செய்கிறார்கள். மற்றவர்கள் மலம் துடைத்த அதே க்ளவுஸோடு க்ரீம் டப்பாவைத் திறக்கிறார்கள், கட்டில் கம்பியைத் தூக்குகிறார்கள், தண்ணீர் ஜாடியை நகர்த்துகிறார்கள், மின்விசிறி சுவிட்சைத் தட்டுகிறார்கள். க்ளவுஸ் போட்ட கை ஆயாவைக் காப்பாற்றுகிறது, பாட்டியைக் காப்பாற்றவில்லை. ஒருவர் அதே க்ளவுஸின் மேல் சானிடைசர் தடவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அது இன்னும் மோசம்: ஆல்கஹால் பட்ட க்ளவுஸ் தளர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விடும், ஒட்டியிருக்கும் அழுக்கும் போகாது. க்ரீமை ஆளுக்கொரு டப்பாவாகக் கொடுத்திருப்பது மட்டும் இங்கே ஆறுதல்.

கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களும் தமிழில் இருக்கின்றன: தொடும் முன், டிரெஸ்ஸிங் போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், தொட்ட பின், கட்டிலையும் பக்கத்துச் சாமான்களையும் தொட்ட பின். கடைசியாக உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், இங்கேயும் அப்படியே. ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. படத்தில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கு உள்ளவரைக் கவனித்த பிறகு ஹேண்ட் ரப்பை நம்பக் கூடாது. வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் அவ்வளவாகப் பயன்படாது. நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் விதைத்துகள்களை அது தொடவே தொடாது. அப்போது சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவித் தள்ளுவதுதான் வழி. தொட்டியருகே இருக்கும் திரவ சோப்பு டப்பாவில் தீரத் தீர மேலேயே ஊற்றி நிரப்புகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. அடியில் தங்கும் பழைய சோப்பில் கிருமி குடியேறிவிடும். காலி செய்து, கழுவி, காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

கதீட்டர் விஷயத்தில் இந்த இல்லம் சராசரிக்கு மேல். யூரின் பேக் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்கிறார்கள். ஆளுக்கொரு அளவு ஜாடி, பெயர் எழுதியது. ஒரே ஜாடியோடு வார்டு முழுக்கச் சுற்றுவதில்லை. பேக்கின் அடிக்குழாய் ஜாடியின் விளிம்பில் படாமல் பிடித்து, மூடும் முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறார்கள். குறை வேறிடத்தில். கட்டில்கள் தாழ்வாக இருப்பதால் கொக்கியில் மாட்டிய பேக் தரையைத் தொடுகிறது. கீழே ஒரு சுத்தமான பேசின் வைத்தால் போதும், செலவே இல்லை. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பேக்கைத் தாத்தாவின் மடியிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். மடியில் வைத்தால் பேக்கில் தேங்கியது திரும்ப உள்ளே போகும், கூடவே கிருமியும்.

இன்னொன்றைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். மாதப் பேக்கேஜில் ‘15 நாளுக்கு ஒரு முறை கதீட்டர் மாற்றம்’ என்று போட்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காலண்டரைப் பார்த்து மாற்றுவதில் லாபம் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் சிறுநீர்க் குழாயில் புதுக் காயம். அடைப்பு, கசிவு, தொற்று என்று காரணம் வந்தால் மாற்றலாம். இல்லையென்றால் தயாரிப்பாளர் சொல்லும் கால எல்லை போதும். முழு சிலிக்கான் கதீட்டர் 12 வாரம் வரை இருக்கலாம். சாதாரண லேட்டக்ஸ் அவ்வளவு நாள் தாங்காது. ‘இவருக்கு இன்னும் கதீட்டர் தேவையா?’ என்று வாரம் ஒருமுறை கேட்கும் பழக்கம் இதைவிடப் பெரிய தடுப்பு. ஃபைலில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, காலியாக இருக்கிறது.

அதே ஃபைல்களில் இன்னொரு வழக்கமும் தெரிகிறது. சிறுநீர் நாறுகிறது, கலங்கலாக இருக்கிறது என்றால் உடனே கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை), கல்ச்சரில் கிருமி வந்தால் உடனே ஆன்டிபயாடிக். ஒரு மாதத்துக்கு மேல் கதீட்டரோடு இருப்பவர் யாருடைய சிறுநீரை எடுத்தாலும் கிருமி வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் என்று ஒன்றும் இல்லாமல் அந்தக் கிருமியைத் துரத்தினால், மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும், வயிற்றுப்போக்கு இலவசம். கல்ச்சர் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு வாரத்துக்கு மேலான கதீட்டரை முதலில் மாற்றிவிட்டு, புதிய கதீட்டரிலிருந்து எடுக்க வேண்டும். பேக்கிலிருந்து ஊற்றி அனுப்புவது லேப் செலவுக்கு மட்டுமே பிரயோஜனம்.

ரைல்ஸ் டியூப் உணவுக்கு வருவோம். சேலத்துக்கே உரிய ஒரு பிரச்சினை இங்கே: ஜவ்வரிசிக் கஞ்சி. மலிவு, சட்டென்று வேகும், மாவுச்சத்து. ஆனால் ஆற ஆற இறுகும், டியூபில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க சிரிஞ்சால் குத்துவதும் டியூபை மாற்றுவதும் ஒவ்வொன்றும் ஒரு ஆபத்து. இங்கே சமையலறையில் நீர்க்க வேகவைத்து இரண்டு முறை வடிகட்டுகிறார்கள். கொடுக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி ஆறவைத்த வெந்நீர் விடுகிறார்கள். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைக்கிறார்கள். கட்டிலின் பக்கவாட்டில் டேப் ஒட்டிக் கோணத்தைக் குறித்திருப்பது நல்ல யோசனை. கண் மட்டத்துக்கு விட்டால் எல்லோரும் 15 டிகிரியையே 30 என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வேளைக்குக் கலக்கிய கஞ்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. ஏப்ரல், மே வெயிலில் அந்த இரண்டு மணியும் அதிகம்தான். உணவு சிரிஞ்சைக் கழுவி மூடிய டப்பாவில் ஈரத்தோடு போட்டு வைக்கிறார்கள். ஈரம் வடிய, மூடாமல் நிறுத்தி வைப்பதே சரி.

டியூபில் சாப்பிடுகிறவருக்கு வாயைத் துலக்கத் தேவையில்லை என்ற எண்ணம் இங்கேயும் இருக்கிறது. நுரையீரலுக்குள் இறங்குவது வாயில் ஊறிக் கிடக்கும் எச்சில்தான். சாப்பிடாத வாயில் எச்சில் குறைவு, கிருமி அதிகம். நாளுக்கு இரண்டு முறை மென்மையான பிரஷ், பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில். காலையில் நடக்கிறது, இரவில் ஒரே ஆயா என்பதால் விடுபடுகிறது.

இனி இரத்தம். சர்க்கரை பார்ப்பது ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. இங்கே ஒவ்வொருவருக்கும் தனி லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி), குத்தியதும் ஊசி தானே உள்ளே போய்விடும் வகை. பேனா மாதிரி இருக்கும் குத்தும் கருவியை வார்டுக்கு ஒன்றாக வைத்து, ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு போவது பல இடங்களில் சகஜம். ஊசி புதிது, கருவியின் முனை பழைய இரத்தம். அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் தொற்று இப்படிப் பரவிய நிகழ்வுகள் பதிவாகி, கருவியைப் பகிரவே கூடாது என்று அங்கே எச்சரிக்கை விட்டார்கள். இன்சுலின் பேனாவுக்கும் அதே கதி: ஊசியை மாற்றினாலும் ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடவே கூடாது. இங்கே பேனாக்களில் பெயர் ஒட்டியிருக்கிறது. குளுக்கோமீட்டர் மட்டும் பொது. ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்க வேண்டும், சுற்று முடிந்ததும் ஒரே முறை துடைக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாக லான்செட் வாங்கிய இல்லம் சவரக்கத்தியில் கோட்டை விட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை முடி திருத்துபவர் வருகிறார். வராந்தாவில் நாற்காலி போட்டு ஒரே ரேசர், ஒரே சீப்பு, ஒரே துண்டு. பிளேடை மாற்றுகிறார் என்றார்கள், இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை. நகவெட்டியும் பொது. லான்செட்டுக்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். ஆளுக்கொரு பிளேடு, ஆளுக்கொரு நகவெட்டி என்று பெயர் எழுதி ஜிப் கவரில் போட்டு வைக்க ஐம்பது நூறு ரூபாய்தான் ஆகும். சேர்க்கும்போது குடும்பமே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

சுத்தம் செய்யும் மருந்துகளில் ஹைப்போ என்று அழைக்கப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்து லிட்டர் கேனில் 5 சதவீதக் கரைசல். கணக்கை அளவுக் குவளையோடு சுவரில் எழுதி வைத்திருப்பது பிடித்தது. கட்டில் கம்பி, மேஜை, கழிப்பறைக் கைப்பிடிக்கு 0.1 சதவீதம்: 10 லிட்டர் வாளியில் 200 மில்லி ஹைப்போ, மீதி தண்ணீர். இரத்தம் சிந்தினால் 1 சதவீதம்: ஒரு பங்கு ஹைப்போவுக்கு நாலு பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊற வேண்டும். ஊற்றும் முன் அழுக்கை எடுத்துவிட வேண்டும். மலமோ சளியோ இருந்தால் குளோரின் அதோடேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. கலக்கியதை அன்றன்றே பயன்படுத்த வேண்டும்.

பிரச்சினை கேன் இருக்கும் இடம். மொட்டை மாடிப் படிக்குக் கீழே, மேற்கு வெயில் நேராக விழும் மூலை. சேலத்துக் கோடையில் அங்கே இரண்டு மாதம் நின்ற கேனில் 5 சதவீதம் எங்கே இருக்கப் போகிறது? வெயிலும் சூடும் ஹைப்போவைத் தின்றுவிடும். கணக்குச் சரியாக இருந்தும் வாளியில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீராக இருக்கலாம். சிறு கேனாக அடிக்கடி வாங்கி, தயாரித்த தேதியைப் பார்த்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட் அதே அலமாரியில் இருப்பதும் ஆபத்து. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. நுரையீரல் நொந்த முதியவர்கள் இருக்கும் கட்டடத்தில் அதற்குப் பெரிய அளவு தேவையில்லை.

மாப் குச்சிகள் கழிப்பறைக்குச் சிவப்பு, வார்டுக்கு நீலம் என்று பிரித்திருக்கிறார்கள். வெயிலில் தலைகீழாகக் காய்கின்றன. நன்று.

துணி வெளுப்பதில்தான் இரண்டு கிளைக்கும் வித்தியாசம் தெரிகிறது. சேலத்தில் அழுக்குப் பெட்ஷீட்டை உதறாமல் சுருட்டி, கெட்டியானதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, தனி டிரம்மில் போடுகிறார்கள். சோப்பில் துவைத்த பிறகு 0.05 சதவீத ஹைப்போவில், அதாவது 10 லிட்டருக்கு 100 மில்லி, அரை மணி ஊறவைத்து அலசிக் காயப்போடுகிறார்கள். மாடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொறமொறவென்று ஆகிவிடும். ஏற்காட்டில் அதே முறைதான், ஆனால் வெயில் இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரம்; ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் நாள் முழுக்க இறங்கி நிற்கும். அரைகுறையாகக் காய்ந்த பெட்ஷீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முகர்ந்தாலே பூஞ்சை வாடை. ஏற்கெனவே தோல் நைந்து, படுக்கைப்புண் விளிம்பில் இருக்கிறவருக்கு ஈர விரிப்பு என்பது புண்ணுக்கு வைக்கும் அழைப்பு. இடுப்பு மடிப்பிலும் மார்புக்கு அடியிலும் கேண்டிடா பூஞ்சை சிவந்து தெரியும். மலைக் கிளைக்கு ஒரு டிரையர் மெஷின் கட்டாயம். வாங்காதவரை, துணியைக் கீழே அனுப்பிக் காயவைத்து ஏற்றுவது கூடச் செய்யலாம். 20 கொண்டை ஊசி வளைவுதான்.

ஏற்காட்டில் இன்னும் இரண்டு. குளிருக்குப் பயந்து சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள், காலை எட்டு வரை திறப்பதில்லை. ஆறு பேர் ஒரே அறையில், ஒருவர் இருமினால் பதினைந்து மணி நேரம் எல்லோரும் அதே காற்று. எதிரெதிர் ஜன்னல் இரண்டை நான்கு விரற்கடை திறந்து வைத்து, ஒரு கம்பளி கூடப் போர்த்தினால் தீர்ந்தது. சேலத்தில் இதே தவறு வேறு உருவத்தில்: ஏசி அறை. சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றிவிடும். காலையும் மாலையும் ஒரு மணி நேரமாவது திறக்க வேண்டும். அடுத்தது கீசர். சுடுநீர் பட்டுக் கொப்புளம் வரக் கூடாது என்று 40 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய வெதுவெதுப்பில்தான் நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஷவர் திறந்தால் நுண்துளியாக நெஞ்சுக்குள் போகும். கீசரை 60 டிகிரியில் வைத்து, வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சுடுநீர் என்று கலந்து, முழங்கையால் பதம் பார்த்து ஊற்றுவதே பாதுகாப்பு.

சொறி, அதாவது தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வரும் ஸ்கேபீஸ். இந்த இல்லத்தை நாங்கள் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் இவர்கள் சொறியைக் கையாண்ட விதம். முதியோர் இல்லங்களில் இது தீயைப் போலப் பரவும், அதுவும் சத்தமில்லாமல். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் கையைப் பிடித்த ஆயா நாலு கட்டிலுக்குக் கொண்டுபோயிருப்பார். பெரியவர்கள் சொறிந்தால் ‘வறட்டுத் தோல்’, ‘சர்க்கரை அரிப்பு’ என்று தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிடுவார்கள். நினைவு தடுமாறியவர் அரிக்கிறது என்று சொல்லவும் மாட்டார். இங்கே ஒருவருக்கு உறுதியானதும், வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் பணியாளர்களுக்கும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் போட்டார்கள். இதில் நாள் தள்ளினால் பயனில்லை. இன்று குணமானவருக்கு நாளை பக்கத்துக் கட்டிலிலிருந்து திரும்ப வரும்.

க்ரீமை எப்படிப் போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து கால் வரை என்பது பொது வழக்கம். வயதானவர்களுக்குத் தலை, காது மடலுக்குப் பின், முகம் என்று கண்ணும் வாயும் தவிர எல்லா இடமும் சேரும். நகத்தை ஒட்ட வெட்டி நக இடுக்கிலும், விரல் இடுக்கு, தொப்புள், பிட்ட மடிப்பிலும் தடவினார்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியல். இடையில் டயப்பர் மாற்றிக் கழுவிய இடத்தில் திரும்ப க்ரீம்; இதை மறந்துதான் பல இடங்களில் மருத்துவம் தோற்கிறது. ஏழாம் நாள் மறுபடி ஒரு முறை. துணி, போர்வையை வெந்நீரில் துவைத்தார்கள். துவைக்க முடியாத ஸ்வெட்டர், செருப்பு, பி.பி. கருவியின் கைப்பட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தார்கள். ஆளை விட்டு விலகிய பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. தோல் செதில் செதிலாகத் தடித்துப் போகும் வகை என்றால் கணக்கே வேறு, அதில் பூச்சி ஆயிரக்கணக்கில் இருக்கும். தோல் மருத்துவரும் மாத்திரையும் தேவை. மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும், அதைத் தோல்வி என்று எண்ணித் திரும்பத் திரும்பத் தடவக் கூடாது என்று குடும்பங்களுக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள்.

நோயை அடையாளம் காண்பதிலும் நல்ல பழக்கம் இருக்கிறது. வயதானவர்களுக்கு 102, 103 என்று காய்ச்சல் ஏறும் என்று காத்திருக்கக் கூடாது. ஒருமுறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, திரும்பத் திரும்ப 99-க்கு மேல் இருந்தாலோ, அவரவர் வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலோ காய்ச்சல்தான். இங்கே ஒவ்வொருவரின் வழக்கமான வெப்பநிலையையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, திடீரென்று தூங்கி வழிவது, விழுவது இவற்றையும் சிஸ்டரிடம் சொல்ல ஆயாக்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருமல் காய்ச்சல் என்றால் டாக்டருக்குப் போன், அந்த வார்டுக்குள் வெளியாட்கள் வருவது நிறுத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது இலவசம். வயதானவர்களின் காசநோய் பல நேரம் இரத்தமும் வியர்வையுமாக வராது, மெலிவும் சோர்வுமாகத்தான் வரும். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

இன்ஃபுளூயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் போடுகிறார்கள். நிமோனியா தடுப்பூசி குடும்பத்தின் விருப்பம் என்று விட்டிருக்கிறார்கள். கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. மூன்றாவதுக்கு முன்பே பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று பதிவேடே சொல்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை சம்பள விதியில் இருக்கிறது. வாந்தி, பேதி வந்த பணியாளர், நின்ற பிறகும் 48 மணி நேரம் வேலைக்கு வரக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருக்கிறது. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று அதே போர்டில் பக்கத்திலேயே இன்னொரு தாள். நாள் கூலியை நம்பி வருகிற ஆயா வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வரத்தான் செய்வார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த இரண்டு நாளுக்குக் காசு கொடுக்காமல் நோரோ வைரஸை எந்த ஹைப்போவாலும் நிறுத்த முடியாது.

கழிவு. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி டிரெஸ்ஸிங் பஞ்சு மஞ்சள் பையில், கதீட்டரும் யூரின் பேக்கும் க்ளவுஸும் சிவப்பில், ஊசிகள் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். சேலத்தில் பிரிப்பது சரி, ஊசி டப்பாவை முக்காலுக்கு மேல் நிரப்புவதில்லை. மலைமேல்தான் சிக்கல். மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கழிவு எடுக்கும் வண்டி வராத வாரங்களில் பைகளை இல்லத்தின் சொந்த வேனில், மளிகை ஏற்றி வரும் அதே வேனில், கீழே இறக்குகிறார்கள். அனுமதி பெற்ற வண்டியில் மட்டுமே போக வேண்டியது அது.

கடைசியாக பில். மாதக் கட்டணத்துக்கு மேல் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ (க்ளவுஸ் போலப் பயன்படுத்தித் தீரும் பொருட்கள்) என்று ஒரே வரியில் ஒரு தொகை போடுகிறார்கள். அதைப் பிரித்துக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். சுவரில் ஒட்டிய எந்தப் படத்தையும் விட அந்தத் தாள் உண்மை பேசும். கணக்கு எளிது. டயப்பர் போட்டவருக்கு நாளுக்கு ஐந்து முறை மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருப்பிப் பிடிப்பவரை விட்டுவிட்டாலும் ஒரு ஜோடி க்ளவுஸ் என்றால் மாதத்துக்கு 150 ஜோடி, அதாவது நூறு உள்ள பெட்டி மூன்று. வாயைத் துலக்குவது, டிரெஸ்ஸிங், கதீட்டர் எல்லாம் இதற்கு மேல். சேலம் கிளை ஒருவருக்கு மூன்றரைப் பெட்டிக்குக் கணக்குக் காட்டுகிறது; டயப்பர் சுற்றில் பார்த்ததோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஏற்காட்டுக் கிளையின் தாளில் ஒருவருக்கு ஒரு பெட்டி.

மலைக் குளிர் உடம்புக்கு நல்லது என்று அங்கே சேர்க்க நினைப்பவர்கள், இந்த ஒரு பெட்டி மூன்றாகி, டிரையர் வந்த பிறகு சேர்க்கலாம். அதுவரை கீழே உள்ள கிளை, தனி அறை வேண்டாம், நடு வார்டுக் கட்டில்.